போனில் பேசினால் எடை குறையுமா?

“படையில் இருந்தவர்களை நேரில் நிற்கவைத்து வேலை வாங்கினால்தான் உடம்பு குறையும். போனில் பேசி என்ன ஆகப்போகிறது?” அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை தொலைவிலிருந்தே எடைக் குறைப்புப் பயிற்சி தருவதைப் பற்றிப் பேச்சு எடுத்தால், இப்படிக் கேட்பவர்கள் அதிகம். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

படைவீரருக்கு ஒழுக்கம் உடம்போடு ஒட்டியது என்கிறார்கள். விடியற்காலை ஓட்டம், நேரத்துக்குச் சாப்பாடு, உடல்தகுதித் தேர்வு எல்லாம் பணியோடு வந்தவை. பணி முடிந்ததும் அந்த ஏற்பாடும் முடிந்துபோகிறது. தேய்ந்த முழங்காலும் முதுகுவலியும் போர்க்கள நினைவுகள் கெடுக்கும் தூக்கமும்தான் மிஞ்சுகின்றன. மனநலத்துக்குத் தரும் மாத்திரைகளில் சில எடையைக் கூட்டக்கூடியவை. 2014-இல் இத்துறையில் சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு நான்கு பேர் உடல் பருமன் உள்ளவர்கள். இத்தனை பேருக்கும் மன உறுதி இல்லை என்பது அநியாயம்.

மருத்துவமனைக்கு வரட்டுமே என்பது அடுத்த வாதம். ‘மூவ்’ என்ற எடைக் குறைப்புத் திட்டம் 2006 முதல் நாடெங்கும் நடக்கிறது. ஆனால் முன்னாள் வீரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் கிராமப்புறவாசி. மொன்டானா போன்ற மாநிலத்தில், ஒரு வகுப்புக்காக வாராவாரம் மணிக்கணக்கில் கார் ஓட்ட யாரால் முடியும்? தகுதியுள்ளவர்களில் மிகச் சிலரே இத்திட்டத்தில் சேர்கிறார்கள்.

சரி, போனில் எடை குறைகிறதா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 415 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அவர்கள் பொதுமக்கள்தான். இரண்டாண்டு முடிவில் நேரில் பயிற்சி பெற்றவர்கள் சராசரியாக 5.1 கிலோ குறைந்தார்கள். போன், மின்னஞ்சல், இணையம் வழியாக மட்டுமே பெற்றவர்கள் 4.6 கிலோ; தாமாக முயன்றவர்கள் 0.8 கிலோ. இல்லினாயின் ஹைன்ஸ் மருத்துவமனையில் சுமார் 70 முன்னாள் வீரர்களிடம் நடந்த ஆய்வில், வகுப்போடு கையடக்கக் கருவியும் போன் பயிற்சியும் பெற்றவர்கள், வகுப்பு மட்டும் பெற்றவர்களைவிட 3.9 கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். வகுப்புக்குத் தவறாமல் வந்தவர்களுக்கே பலன் அதிகம். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 58-ஐ நெருங்கியது. வயதானவர்களுக்குக் கருவி பிடிபடாது என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

பயிற்சியாளரின் போன் அழைப்பில் அதட்டலுக்கு இடமில்லை. வீரர் வீட்டில் எடை பார்த்து அனுப்பிய எண்ணும் சாப்பாட்டுக் குறிப்பும் பயிற்சியாளர் முன்னால் இருக்கும். “மூன்று நாள் இரவு பத்து மணிக்கு மேல் சிப்ஸ் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அன்று தூக்கம் வரவில்லையா?” என்று பேச்சு தொடங்கும். முழங்கால் வலித்தால் நடைக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி. அடுத்த அழைப்பில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான்.

நிறுத்தினால் எடை திரும்பிவிடுமே என்பார்கள். திரும்பும்தான், நேரில் பயின்றவர்களுக்கும் திரும்புகிறது. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நேரில் வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்றவர்களிடம் புதிதாக நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. பிறகு குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பியும், பத்தாண்டு முடிவில் அந்த வித்தியாசம் 34 சதவீதமாக நீடித்தது. அழைப்புகளைச் சில மாதங்களோடு நிறுத்தக் கூடாது என்றுதான் இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

மருத்துவர்களே, வகுப்புகள் தொடரட்டும். வர முடியாது என்று சொல்பவரின் கோப்பை மூடுமுன், அவருடைய போன் எண்ணைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.