குதிரை நல்லது, பந்தயக் குதிரையில் பங்கு நல்லதா?



கள்ளக்குறிச்சி மாவட்டம் கச்சிராயபாளையத்தில் அண்மையில் ஜும்ஆ உரை முடித்து இறங்கியபோது, ஓர் இளைஞர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். கடைவீதியில் வியாபாரம் செய்பவர்; தொழுகையாளி; வீண் பழக்கம் ஏதும் இல்லாதவர்.

"ஹஜ்ரத், பெங்களூரில் ஓடுகிற ஒரு பந்தயக் குதிரையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பங்கு வாங்கலாம் என்றிருக்கிறோம். பந்தயத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டமாட்டோம். குதிரை ஜெயித்தால் பரிசில் பங்கு. ஓட்டம் முடிந்தபின் அதைப் பொலிகுதிரையாக விட்டால் அந்த வருமானத்திலும் பங்கு. நஷ்டம் வந்தாலும் எல்லோருக்கும் பங்கு. ஆட்டை வாரத்துக்கு விடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

கடையை விரிவாக்க அவருடைய அத்தா ஒதுக்கி வைத்த பணம் அது. இன்னும் அனுப்பவில்லை. அனுப்பும் முன் ஆலிமிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அதுவே அல்லாஹ்வின் அருள்! "தம்பி, நீங்கள் ஒருவர் கேட்டாலும் பலருக்கு உள்ள சந்தேகம் இது. எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில்தான் இந்தத் தலையங்கம்.

குதிரை நமக்கு அந்நியமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். குதிரையை வெறுப்பது மார்க்கமல்ல. ஓடுகின்ற குதிரைகள் மீது சத்தியமிட்டே ஓர் அத்தியாயம் (அல் ஆதியாத், 100) தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓடவிட்டார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டதாக புகாரியில் பதிவாகியுள்ளது.

நம் தமிழ் மண்ணிலும் இந்த உறவு பழையது. 'இராவுத்தர்' என்ற சொல்லே குதிரை வீரனைக் குறிப்பதுதான். பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் காயலில் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தியையும் எழுதிவைத்திருக்கிறார். இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரியாமல் ஆண்டுதோறும் நிறையக் குதிரைகள் செத்தனவாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே மறுபடி விற்க முடியும்! அது உண்மையாக இருந்தால் அந்த வியாபாரமும் நாம் பெருமை பேசத்தக்கதல்ல. பொருள் ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, அதில் பணம் பண்ணும் வழியும் ஹலாலாக இருக்க வேண்டும். இன்று நம் முன் இருக்கும் கேள்வியும் இதுதான்.

பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது?

"நான் பந்தயம் கட்டவில்லை, குதிரைக்கு மட்டும்தான் சொந்தக்காரன்" என்கிறார் தம்பி. சரி, அந்தக் குதிரை ஜெயித்தால் வரும் பரிசை யார் தருகிறார்கள்?

இந்தியாவில் ரேஸ் கிளப்புகளின் வருமானத்துக்கு அடித்தளமே பந்தயம் கட்டுவோரின் பணம்தான். டோட்டலைசேட்டர் என்னும் கூட்டு உண்டியலில் விழும் தொகையில் கிளப் தன் கமிஷனையும் அரசு தன் வரியையும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை ஜெயித்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். தோற்றவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். உரிமையாளருக்குத் தரும் பரிசுக்கும் பெரும் ஊற்று இந்தக் கமிஷன்தான். அதோடு, குதிரையை ஓடவிடும் உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் நுழைவுத் தொகை கட்டி, அதுவும் பரிசில் சேரும் பந்தயங்களும் உண்டு.

ஃபிக்ஹு நூல்கள் இதை நூற்றாண்டுகளுக்கு முன்பே அலசிவிட்டன. ஆட்சியாளரோ மூன்றாம் நபரோ பரிசு தந்தால் கூடும். போட்டியாளர் இருவரில் ஒருவர் மட்டும் பணம் வைத்தாலும் கூடும். இருவரும் பணம் வைத்து, ஜெயித்தவன் எடுத்துக்கொள்வது என்றால் அது சூது. பணம் வைக்காத மூன்றாவது போட்டியாளர் ஒருவர் இடையில் சேர்ந்தாலன்றி அது கூடாது. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலையும் இதுதான். துபாயில் 1996 முதல் உலகக் கோப்பைக் குதிரைப் பந்தயம் நடக்கிறது. அந்த மைதானத்தில் பந்தயம் கட்ட அனுமதி இல்லை. ஆக, சூது இல்லாமலும் குதிரை ஓடும்! நம் நாட்டு மைதானங்களிலோ சூதை எடுத்துவிட்டால் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

பொலிக்கூலியும் பிறக்காத குட்டியும்

குதிரையின் தாய், தகப்பன், தாய்வழித் தாத்தா என்று வம்சாவளியை ஒப்பிக்கிறார் தம்பி. அந்த அறிவு அழகானது. அரபுகள் அதை உயிர்போலக் காத்தார்கள். 1704ல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஓர் அரபுக் குதிரையின் ஆண்வழிதான் இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை.

ஆனால், அந்த அறிவு எப்படிப் பணமாகிறது? பொலிகுதிரையைப் பெட்டைக் குதிரையோடு சேர்க்கக் கூலி. பொலிக்கூலி வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). பேரம் பேசாமல் மரியாதைக்காகத் தரும் அன்பளிப்புக்கு மட்டும் அனுமதி உண்டு. வயிற்றில் இருப்பது பிறந்து, அது ஈனப்போகும் குட்டியை இன்றே விற்பதும் தடுக்கப்பட்டது. இல்லாத பொருளுக்கு விலை பேசினால் ஒருவன் ஏமாறுவான் என்பதால்தான் இந்தத் தடை. ஆட்டை வாரத்துக்கு விட்டால், குட்டி கண் முன்னே பிறக்கிறது, கண் முன்னே பங்காகிறது. வித்தியாசம் புரிகிறதா தம்பி?

உலகக் கணக்கையும் பாருங்கள். 1981ல் இங்கிலாந்து டெர்பியை வென்ற ஷெர்கார் என்ற குதிரையை 40 பங்குகளாக்கினார்கள். பங்கு ஒன்றுக்கு இரண்டரை லட்சம் பவுண்டு. 1983 பிப்ரவரியில் அயர்லாந்துப் பண்ணையிலிருந்து அதைக் கடத்திவிட்டார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. கோடீஸ்வரர்கள் அந்த நஷ்டத்தைத் தாங்கினார்கள். கச்சிராயபாளையம் கடை தாங்குமா? ஓடினாலும் ஓடாவிட்டாலும் குதிரைக்குத் தீனி, பயிற்சியாளர் சம்பளம், மருத்துவர் செலவு மாதாமாதம் உண்டு. பத்துக் குதிரை ஓடினால் முதலில் வருவது ஒன்றுதானே!

சட்டம் சொன்னது என்ன?

"கோர்ட்டே அனுமதித்துவிட்டதே!" என்பார்கள். 1974ல் கலைஞர் ஆட்சியில் தமிழகச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1996 ஜனவரி 12ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம், சூதல்ல என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும்! வெளியே நின்று பணம் கட்டியவன் எத்தனை கணக்குப் போட்டாலும், அவன் எடுப்பது இன்னொருவன் இழந்த பணம். நாட்டுச் சட்டம் தண்டிக்காத எல்லாம் ஹலாலாகிவிடாது.

அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. கிண்டியில் 160 ஏக்கருக்கு மேல் நிலத்தை ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்ச வாடகைக்கு ரேஸ் கிளப் அனுபவித்து வந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. அதற்கு முன் ஜூனில் ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கரை மீட்டது. வரவேற்கிறோம். ஆனால் பந்தயப் பணத்துக்கு 2023ல் 28 சதவீதம், 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதம் என்று ஜி.எஸ்.டி. வாங்குகிறார்களே! வரி கட்டிவிட்டால் சூது தொழிலாகிவிடுமா?

ஊட்டி நிலம் மீட்கப்பட்ட அதே வாரத்தில்தான் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. குர்ஆன் (5:90) மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் சேர்த்தே சொல்கிறது. மது கொன்றால் பிணம் தெருவுக்கு வருகிறது, ஊரே அழுகிறது. சூது கொன்றால் ஒரு கடையின் ஷட்டர் சத்தமில்லாமல் இறங்குகிறது. அழ யாரும் வருவதில்லை!

சகோதரர்களே! ஐந்து பேர் சேர்ந்து முதல் போடத் துணிந்தீர்களே, அந்த ஒற்றுமை பெரிது. அதைக் கலைக்காதீர்கள். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் புளியும் மரவள்ளியும் உங்கள் ஊர் வழியாகத்தான் இறங்குகின்றன. அதே பணத்தைக் கூட்டாகப் போட்டு, மலைவாழ் மக்களுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கி விற்றுப் பாருங்கள். குதிரையின் மீதுதான் ஆசை என்றால், குதிரையிலும் ஆகுமான தொழில் இல்லாமலில்லை. புனேயில் பந்தயக் குதிரைப் பண்ணை வைத்திருந்த பூனாவாலா குடும்பம், ஓய்வுபெற்ற குதிரைகளின் இரத்தத்திலிருந்து சீரம் எடுத்து மருந்து தயாரிக்கலாம் என்று 1966ல் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிடியூட். இன்று உலகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தருகிறது!

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வியாபாரத்துக்கு வழி கேட்டு வரும் இளைஞனுக்கு 'ஹராம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வட்டியில்லாக் கடனுக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் வழி செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

குதிரை ஒருவருக்கு நன்மை, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குச் சுமை என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். பெருமைக்காகக் கட்டியவனுக்கே அது சுமை என்றால், சூதுப் பணத்துக்காகக் கட்டியவனின் நிலை என்ன? சிந்திப்போமாக! வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்குவானாக!