ஆட்டின் காலுக்குச் சலூன் மெசின் வேண்டாம்

மாரி தொடங்கினால் வினாயகபுரத்தில் என் கொட்டிலைச் சுற்றிச் சேறுதான். நாட்டாடு தாங்கும். ஜமுனாபாரி இன ஆட்டுக்குப் பின்னங்காலில் பாவாடைபோல மயிர் தொங்கும். சேறும் மூத்திரமும் அதில் திரண்டு காய, உள்ளே தோல் அவிந்து இலையான் முட்டையிடும். போன மாரியில் என் மறி ஒன்றுக்குப் புழுவே வைத்துவிட்டது.

அந்தக் கால்மயிரை வெட்ட, சலூனில் தலைமயிர் வெட்டும் மெசினைத்தான் முதலில் ஓட்டினேன். நாலு இழுப்பில் பற்கள் அடைத்தன, தகடு சுட்டது, ஆடு துள்ளி விழுந்தது. அந்தப் பற்கள் நெருக்கமானவை, மோட்டாரும் சின்னது. கால்நடைக்கென்று செய்த மெசின்தான் வேண்டும்: அகன்ற பல், கழற்றி மாற்றும் தகடு, குறைந்த சத்தம். பட்டரியில் ஓடினால் வயர் காலில் சுற்றாது. தகட்டுக்கு அடிக்கடி எண்ணெய் விட வேண்டும்.

பிரித்தானியாவின் ஷயர், கிளைட்ஸ்டேல் குதிரைகளுக்கும் கால்மயிரால் தொல்லைதான். குளம்பை மூடிய அடர்மயிருக்குள் கோரியோப்டஸ் என்ற சிற்றுண்ணி ஒளிந்து சொறியைக் கிளப்பும். மருந்து தோலில் படவே அங்கு மயிரை வெட்டுகிறார்கள். அந்தச் சிற்றுண்ணி ஆட்டையும் பிடிக்கும். ஒரு மெசின் பல கொட்டிலுக்குப் போனால், ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றிக் கழுவிக் கிருமிநாசினியில் ஊறப்போடுவது கட்டாயம்.

நல்லின ஆடு கொடுக்கிறவர்களிடம் கேட்கிறேன்: ஆட்டோடு நின்றுவிடாதீர்கள், பத்து வீட்டுக்கு ஒரு மெசினும் கொடுங்கள். தனியொருவர் வாங்கும் விலையில் அது இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னே வந்து சேரட்டும். ஈர மயிரில் எந்த மெசினும் ஒழுங்காக ஓடாது.