விழுவதற்கும் ஓர் உரிமை

பனியை நமக்கு அறிமுகப்படுத்தியது சினிமாப் பாட்டு. காட்டுமன்னார்கோயில் கொட்டகையில் நாங்கள் பார்த்த ஆல்ப்ஸ் மலையில் நாயகன் கோட்டும் கையுறையும் போட்டிருப்பான். நாயகி மெல்லிய புடவையில் ஆடுவாள். மலை ஒன்று, பனி ஒன்று, குளிர் மட்டும் அவனுக்கு. 1989இல் வந்த ‘சாந்தினி’ இந்திப் படத்துக்காக நம் ஸ்ரீதேவியும் சுவிஸ் மலைகளில் சிஃபான் புடவையோடு நின்றார். அதன் இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு 2016இல் இன்டர்லாக்கனில் சிலை வைத்தார்கள், சுற்றுலாவை வளர்த்தாராம். நடுங்கிய உடம்புகளும் சேர்ந்துதான் வளர்த்தன.

ஓர் இலக்கியக் கூட்டத்துக்காக சுவிட்சர்லாந்து போன டிசம்பரில், டிட்லிஸ் மலையடிவாரத்து எங்கல்பெர்க் கிராமத்தைப் பார்த்தேன். என்னை அழைத்துப்போன யாழ்ப்பாணத்து அக்கா விடுதி அறைகளில் இருபது ஆண்டுகள் மெத்தை விரித்தவர். 1980களில் இலங்கை வன்முறைக்குத் தப்பி அங்கே போன தமிழர் பலருக்கு உணவகச் சமையற்கட்டும் துப்புரவும்தான் முதல் பிழைப்பு. “எல்லாரும் லீவில வரேக்கதான் எங்களுக்கு வேலை கூட, தங்கச்சி” என்றார். சறுக்குக் கட்டையில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

அன்று தமிழ்நாட்டுச் சுற்றுலாக் குழு ஒன்றும் வந்திருந்தது. பெண்கள் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் பங்கிட்டார்கள், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தார்கள், பைகளுக்குக் காவல் இருந்தார்கள். ஒரு கணவர் மனைவியிடம், “கோட்டைக் கழட்டு, பட்டு தெரியட்டும்” என்று சொல்லிப் படம் எடுத்தார். அவர் கழற்றவில்லை, தன் கோட்டை.

காட்சிப் பொருளாக ஒருத்தி, கூலியாக ஒருத்தி, கட்டுச்சோறாக ஒருத்தி. விடுமுறைக்கு வந்தவள் எங்கே?

ஊட்டிக்கே வழியில்லாத ஊரில் ஆல்ப்ஸ் கதை எதற்கு என்று கேட்பீர்கள். என் பேச்சு மலையைப் பற்றியது அல்ல, விளையாட்டைப் பற்றியது. பனிச்சறுக்கில் முதல் பாடமே விழுவதும் எழுவதும்தான். அங்கே கற்றுக்கொள்வோருக்கான சரிவில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண் தொப்பென்று விழுந்தார், சிரித்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். நம் தெருவில் தடுக்கி விழும் பெண் காயத்தைப் பார்ப்பதற்கு முன் புடவையைச் சரிசெய்கிறாள்.

அதற்காக மேற்கைப் பெண்ணுலகச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். சுவிஸ் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வந்தது 1971இல். குளிர்கால ஒலிம்பிக் 1924இல் தொடங்கியது, ஆண்களின் பனித்தாவலும் அன்றே இருந்தது. பெண்கள் அதில் தாவ 2014 ஆயிற்று. மருத்துவ நோக்கில் அந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவரே 2005இல் சொன்னார். எங்கள் ஆயா சொன்னதும் அதுதான்: “குதிக்காதடி, கர்ப்பப்பை எறங்கிடும்.” ஆல்ப்ஸ் மலையிலும் கொள்ளிடக்கரையிலும் ஆணாதிக்கம் ஒரே வைத்தியம் பார்க்கிறது. அந்த வைத்தியத்தைப் பொய்யாக்கியது யாருடைய பெருந்தன்மையும் அல்ல. தாவிக் காட்டிய பெண்கள், வழக்குமன்றம்வரை போன பெண்கள்.

2018இல் துருக்கியில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் வாங்கித் தந்தவர் மணாலிப் பெண் ஆஞ்சல் தாக்கூர். பனி இருக்கும் ஊரில் அவர் பனியை எடுத்துக்கொண்டார். நமக்கு வீராணம் இருக்கிறது. சென்னைவரை குடிநீர் போகும் அந்த ஏரியின் கரையில் பிறந்த பெண்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? துணி துவைக்க மட்டும் இறங்கலாம், துளைந்தாட இறங்கக் கூடாது.

மாணவிகளே, உங்கள் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். அம்மாக்களே, சுற்றுலா போனால் ஒருவேளைச் சோற்றையாவது கடையில் வாங்கச் சொல்லுங்கள், பையை அப்பாவிடம் கொடுங்கள். ஏரியோ கடலோ மலையோ, இறங்குங்கள். விழுந்தால் முதலில் காயத்தைப் பாருங்கள். புடவை காத்திருக்கும்.