கருத்து வேறு, பகை வேறு

ஒருவரின் கொள்கையை மறுப்பது வேறு. அவரையே வெறுப்பது வேறு. இரண்டிற்கும் இடையே உள்ள வரப்பு மெல்லியது. சினம் கொண்டவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒரே பாலினத்தவர் திருமணம் பற்றி அண்மை ஆண்டுகளில் எழுந்த விவாதத்தில், இரு தரப்பாரும் இந்த வரப்பை மிதித்ததைக் கண்டோம்.

இத்தகைய திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டுமா என்ற வழக்கை நமது உச்ச நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் விசாரித்தது. அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தந்த அடிப்படை உரிமையல்ல என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர். தீர்ப்பு வந்தது, வாய்ச்சண்டை மட்டும் ஓயவில்லை.

திருமணம் என்பது ஆணும் பெண்ணும் இணைவதே என்று சமய அமைப்புகள் பல எடுத்துரைத்தன. ஜமியத் உலமா-இ-ஹிந்த் நீதிமன்றத்திலேயே தன் வாதத்தை வைத்தது. கத்தோலிக்கராகிய நமக்கும் மெய்விவாகம் ஓர் அருட்சாதனம். இதைச் சொன்னவர்களைப் பத்தாம்பசலிகள் என்றும் இரக்கமற்றவர்கள் என்றும் ஏசியோர் உண்டு. மனச்சான்றின்படி பேசுவோரை ஏச்சினால் வாயடைப்பது சுதந்திரம் ஆகுமா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜாக் பிலிப்ஸ் என்ற கேக் கடைக்காரர், 2012-இல் இரு ஆண்களின் திருமணத்திற்குக் கேக் செய்து தர மறுத்தார். வழக்கு வந்தது, மிரட்டல்களும் வந்தன. 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மாநில ஆணையம் அவருடைய சமய நம்பிக்கையைப் பகைமையோடு அணுகியது தவறு என்று தீர்ப்பளித்தது. தன்பாலின ஈர்ப்புள்ளோரை இழிவுபடுத்தலாகாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. முதற்பாதியைப் பாராட்டும் நம்மவர் பலர் மறுபாதியைப் படிப்பதில்லை.

அந்த மறுபாதி நம் தமிழகத்திலும் உண்டு. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், தம் உறவைப் பெற்றோர் எதிர்த்ததால் சென்னைக்குச் சென்று, காவல்துறையின் விசாரணைக்கு அஞ்சி உயர் நீதிமன்றத்தை நாடினர். 2021 ஜூன் 7 அன்று அவர்களுக்குப் பாதுகாப்பளித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளை அறிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டார். அப்பெண்கள் நம் அக்காமார் வயதினர். அவர்கள் அஞ்சி ஓடியபோது, அன்பைப் போதிக்கும் நாம் அவர்களுக்காக ஒரு சொல் சொன்னோமா?

திருச்சபையின் போதனையில் ஐயமில்லை. திருமணம் பற்றிய கோட்பாட்டை மாற்றாமலே, இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கலாகாது என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. தன்பாலின ஈர்ப்பு குற்றமல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் வெளிப்படையாகக் கூறினார். அதற்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, அன்றைய மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் இதே கருத்தை நம் நாட்டில் சொல்லியிருந்தார்.

'இப்படி இரு பக்கமும் பேசினால் கொள்கை தளராதா?' எனச் சிலர் வினவலாம். விடை காண ஏலாக்குறிச்சிக்குப் போனால் போதும். தஞ்சை அரசில் துன்புற்ற கிறிஸ்தவர்கள் கொள்ளிடம் கடந்து புகலடைந்த ஊர் அது. வீரமாமுனிவர் அங்கே அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார். அந்த மண் அரியலூர் மழவராயரின் பாளையத்து மண். அவர் நம் விசுவாசத்தை ஏற்றவரல்லர். ஆயினும் நம் முன்னோர் அவர் எல்லைக்குள் அஞ்சாமல் வாழ்ந்தனர். அதனால் அவருடைய சமயம் தளர்ந்துவிடவில்லை. அடைக்கலம் பெற்றவர்களின் வழிவந்த நாம், பிறர்க்கு அதை மறுக்கலாமா?

யாக்கோபின் கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு வழிபாட்டைப் பற்றிக் கருத்து வேறுபட்டார். ஆனால் அவள் கையாலேயே தண்ணீர் கேட்டார். தனிக்குவளை வைத்துப் பழகிய நம் நாட்டில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, மாணவியரே, நம் விசுவாசத்தை யாரேனும் எள்ளினால் தலைகுனிய வேண்டாம். பதிலுக்கு ஏசவும் வேண்டாம். தெளிவாகவும் பணிவாகவும் விளக்குவோம். 'ஒன்பது' என்று எவரையேனும் கேலி செய்யும் குரல் பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் எழுந்தாலும், நம் வகுப்பறையில் எழுந்தாலும், அதோடு சேர்ந்து சிரியாதிருப்போம். பெற்றோரே, உங்கள் மகள் தன் மனத்துயரைச் சொல்ல வரும்போது முதலில் செவிகொடுங்கள். அறிவுரை பிறகு ஆகட்டும்.

நம் நம்பிக்கையைச் சொல்லும் உரிமையை உலகத்திடம் கேட்கிறோம். அச்சமின்றி வாழும் உரிமையை அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். கேட்பவர் கொடுக்கவும் கற்றுக்கொள்வோமாக!