கண் விழித்ததும் கணக்கு நினைவுக்கு வரலாம்

மூளையில் வளர்ந்த கட்டியை அகற்றிய பின் மயக்கம் தெளிந்து கண் திறக்கும் ஒருவர் முதலில் எதை நினைப்பார்? இறைவனை நினைப்பார், பெற்ற தாயை நினைப்பார், மறுபிறவி எடுத்தோம் என்று கண்ணீர் உகுப்பார் என்றெல்லாம் திரைப்படங்கள் நமக்குப் பாடம் நடத்தியிருக்கின்றன. நாங்கள் அறிந்த உண்மை அத்துணை எழிலானது அன்று. அது ஒரு தேதியாக, ஒரு தொகையாக, எங்கோ வைத்த சாவியாக இருந்தது. அவ்வாறு இருப்பதில் இழிவேதும் இல்லை; அந்த நினைப்புக்கு வீட்டாரும் வங்கியும் செவிகொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நாங்கள் என்பது மூவர். தில்லியில் ஒரு மருத்துவமனையின் நரம்பு அறுவைப் பிரிவில், மறுபரிசோதனைக்குக் காத்திருந்த வரிசையில், தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்து அறிமுகமானவர்கள். ஒருவர் கரோல் பாகில் துணிக்கடை நடத்துபவர். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கர். மூவருக்கும் வந்தது மெனிஞ்சியோமா. அது மூளைக்குள்ளிருந்து கிளம்புவதன்று. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து எழுந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து மூளையை அழுத்துவது. பெரும்பாலும் புற்று அன்று. எனினும் எங்கள் மூவருக்கும் மண்டையோட்டைத் திறந்துதான் எடுத்தார்கள். வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், மறு ஆண்டு சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் இத்துறையைத் தொடங்கிய காலத்தில், கட்டி எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிவதே பெரும்பாடு. இன்று எம்.ஆர்.ஐ. படம் அதைத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது. எங்கள் அச்சம் கட்டியைப் பற்றியது மட்டுமன்று. கட்டியோடு எங்களில் எவ்வளவு போய்விடும் என்பதே பெரிய அச்சமாக இருந்தது.

விழித்தபோது தலை வலித்ததைவிடத் தொண்டை வலித்தது. மூச்சுக்குழாய் செருகியிருந்ததன் விளைவு அது. மூளைக்கு வலியுணர்வு கிடையாது. தோலும் உறையுமே நோகும். தலையைச் சுற்றி யாரோ ஈரத் துணியை இறுக முறுக்கிக் கட்டியது போன்ற உணர்வு. அதற்குள் ஒரு குரல், பெயர் என்ன, இது எந்த இடம், எந்த ஆண்டு என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. முதல் இரவு முழுவதும் அடிக்கடி எழுப்பிக் கேட்பார்கள். கொடுமை என்று தோன்றும். ஆனால் உள்ளே குருதி கசிகிறதா, வீக்கம் ஏறுகிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது நோயாளியின் விழிப்பு குன்றுவதுதான். கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்னும் இரு மருத்துவர்கள் 1974-இல் வகுத்த அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக 15. பேசினாலும் குழப்பமாகப் பேசினால் பேச்சுக்கு 4 மட்டுமே.

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று சொல்ல வேண்டும். எங்கள் ஆசிரியை முப்பது ஆண்டுகளாகத் தில்லியில் இருப்பவர். இந்தியில் காய்கறிக்காரரிடம் வாதாடி வெல்லக் கூடியவர். மயக்கம் தெளிந்த அந்த வேளையில் அவருக்கு இந்தி புரிந்தது. வாயில் வந்ததோ தமிழ். ராஜஸ்தானைச் சேர்ந்த செவிலியர் ஆண்டு என்ன என்று இந்தியில் கேட்டார். இவர் ஆண்டைத் தமிழில் சரியாகவே சொன்னார். கேட்டவருக்கு அது பொருளற்ற ஒலி. ஒரு மதிப்பெண் குறைந்தது, இளமருத்துவர் வந்தார், மீண்டும் ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று பேச்சு எழுந்தது. அடுத்த முறைப் பணிக்கு வந்த மலையாளச் செவிலியர் சிரித்துக்கொண்டே, அம்மா சொன்ன விடை முழுக்கச் சரி என்றார். பிழை யாருடையதும் அன்று. எனினும் பல மொழி பேசும் இந்நாட்டில், சேர்க்கைப் படிவத்தில் மதம் கேட்கும் மருத்துவமனைகள் தாய்மொழியையும் கேட்டு அதைக் கட்டிலின் தலைமாட்டில் எழுதி வைத்தால் என்ன? வெளி மாநிலத்தில் அறுவைக்குச் செல்லும் நம்மவர்கள் ஒரு தாளில் ‘இவர் தமிழில் விடை சொல்லக்கூடும்’ என்று எழுதி, பத்து எளிய சொற்களுக்குப் பொருளும் தந்து செவிலியரிடம் கொடுத்துவிடலாம்.

இனி முதல் நினைவுகள். ஆசிரியையின் உள்ளத்தில் எழுந்தது, இந்தக் கட்டிலுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது. முந்தைய இரவு கணவர் காப்பீட்டு நிறுவனத்தோடு நெடுநேரம் தொலைபேசியில் பேசியதைக் கண்டிருந்தார். தம் வளையல்கள் அடகுக்குப் போயிருக்குமோ என்றெண்ணி, கட்டிலருகே வந்த கணவரின் முகத்தைப் படிக்க முயன்றார். வணிகர் கேட்டது, ‘இன்னைக்கு என்ன தேதி?’ மருத்துவர் மகிழ்ந்து போனார். காலவுணர்வு திரும்பிவிட்டது என்று குறித்துக்கொண்டார். தேதி கேட்டதன் காரணம் சூரத் வியாபாரிக்குக் கொடுத்திருந்த பின்தேதியிட்ட காசோலை. பத்தாம் தேதி அது வங்கிக்கு வரும். கணக்கரின் கதை வேறு. அவர் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டார். பெயரையும் ஊரையும் எவரும் சொல்லிக் கொடுத்துவிடலாம். தமக்கு மட்டுமே தெரிந்தது ஏ.டி.எம். அட்டையின் பின் எண்தான். அது இருந்தால் தாமும் இருக்கிறோம் என்று அவர் முடிவு கட்டினார். மூன்று இலக்கங்கள் வந்தன, நான்காவது வரவில்லை. வலக்கை விரல்களைப் போர்வைக்குள் அசைத்து, பொத்தான்களின் இடத்தை விரல் நினைவில் தேடினார். மாலையில் அது வந்தது. எவரிடமும் சொல்லி மகிழ முடியவில்லை. பின் எண்ணை எவரிடமும் சொல்லலாகாது என்பது விதி அல்லவா!

இவற்றைச் சிரிப்புக்குரியவையாக எவரும் எண்ண வேண்டா. எந்த ஆண்டு என்று மருத்துவர் கேட்பதும், காசோலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நோயாளி கேட்பதும் ஒரே வினாவின் இரு முகங்கள். தமக்குக் கடமை ஒன்று இருக்கிறது, அதற்கு நாள் ஒன்று இருக்கிறது என்று அறிபவர் உலகுக்குத் திரும்பிவிட்டவர். ஆனால் நம் இல்லங்களில் நடப்பது என்ன? ‘அதெல்லாம் நீங்க யோசிக்கக் கூடாது, நாங்க பாத்துக்கறோம்’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். எனினும் தம் பணத்தைப் பற்றித் தம்மிடம் பேச மறுக்கப்படுவது, தாம் இனி முழு மனிதர் அல்லர் என்று அறிவிக்கப்படுவதற்கு ஒப்பாகும். வணிகர் இரண்டு நாள் மன்றாடியபின் மகன் காதில் வாங்கினான். காசோலையைக் காக்கக் கைமாற்று வாங்கிக் கணக்கில் கட்டினார்கள். அதே வேளையில் அவருடைய வைப்புத்தொகை அதே கிளையில் அசையாமல் இருந்தது. அதில் மனைவியின் பெயரும் இருந்தது. ஆனால் இயக்கும் முறை ‘முதலாமவர் அல்லது எஞ்சியவர்’ என்பது. முதலாமவர் உயிரோடிருக்கும் வரை மற்றவர் தம் கையொப்பத்தால் அதை எடுக்க இயலாது. ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்றிருந்தால் சேமிப்புக் கணக்கை அந்த அம்மையாரே இயக்கியிருப்பார். வங்கியின் படிவத்தில் ஒரு சிறு கட்டத்தில் இடும் குறிக்கு இவ்வளவு ஆற்றல்.

வாரிசு நியமனம் செய்தாயிற்று, போதும் என்று பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று சட்டம் இடம் தந்திருக்கிறது, வரவேற்கத்தக்கதே. ஆனால் நியமனதாரருக்கு உரிமை பிறப்பது கணக்குதாரர் இறந்த பின்புதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரோடு கிடப்பவருக்கு அதனால் ஒரு ரூபாய்ப் பயனும் இல்லை. அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்போர்க்கும் ஒரு செய்தி. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் அளித்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த முகவாண்மை முடிந்துபோகிறது. எந்த நேரத்துக்கு அது தேவையோ அந்த நேரத்தில்தான் அது கைவிடுகிறது! மாதக்கணக்கில் நினைவு திரும்பாதவரின் குடும்பத்தினர் காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றப் படியேற நேர்வது இதனால்தான். இதற்கு நம் நாட்டில் தெளிவான தனிச் சட்டம் வேண்டும். அது வரும்வரை எளிய காப்பு, நம்பிக்கைக்குரிய ஒருவரோடு கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்வதே. மனைவிக்குப் பின் எண்ணைக் காதில் சொல்லிவிட்டு அறுவைக் கூடத்துக்குள் போவதைவிட அது நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பணம் பற்றிப் பேசலாம் என்பதால், கையொப்பம் வாங்கலாம் என்று பொருளில்லை. அறுவைக்குப் பின் வீக்கத்தைத் தணிக்க ஸ்டீராய்டு தருகிறார்கள். அது உறக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு மட்டற்ற உற்சாகத்தைத் தரும். வணிகர் மூன்றாம் நாள் இரவில் இரண்டாவது கடை திறக்கத் திட்டமிட்டார். முதியோர் சிலருக்குச் சில நாள் மனக்குழப்பமும் நேர்வதுண்டு. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, காய்ச்சலால் பிதற்றும் ஒருவர் அந்நிலை நீடிக்கும்வரை ஒப்பந்தம் செய்ய இயலாது என்று எடுத்துக்காட்டோடு கூறுகிறது. வீட்டுப் பத்திரம், பங்கு மாற்றம், கடன் பிணை ஆகியவை காத்திருக்கட்டும். அன்றாடச் செலவும் முன்னரே ஏற்ற கடமைகளும் காத்திருக்க மாட்டா. பேச வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

ஆகவே எல்லாம் கட்டி இருப்பது தெரிந்த நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் முடிக்க வேண்டிய வேலை. மெனிஞ்சியோமாவுக்குப் பெரும்பாலும் அந்த அவகாசம் கிடைக்கிறது. அந்நாட்களில் அறுவைக்கு நல்ல நாழிகை பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறோம். இராகு காலத்தை விலக்கி மயக்க மருந்து தரச் சொல்லிக் கேட்டவரையும் கண்டிருக்கிறோம். ஆனால் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்து மனைவியோடு அரைமணி நேரம் பேசச் சொன்னால், அபசகுனம் என்கிறார்கள். ஆசிரியை பேசினார். தவணைகள், காப்பீட்டு எண், லாக்கர் சாவியின் இடம் ஆகியவற்றை ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி மகளிடம் தந்தார். வளையல்கள் அடகுக்குப் போகவும் இல்லை. தீவிர நோய்க் காப்பீடு வைத்திருப்போர், அதில் புற்றல்லாத மூளைக் கட்டிக்குத் தரப்பட்டுள்ள வரையறையை அந்நாட்களிலேயே படித்துக்கொள்வது நல்லது. பிட்யூட்டரிச் சுரப்பியின் கட்டிகள் அந்த வரையறையில் அடங்குவதில்லை என்பது பலர் அறியாதது. சாதாரண மருத்துவக் காப்பீட்டில், ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2024-இல் நிறுவனங்களைப் பணித்திருக்கிறது. காத்திருக்கும் கூடத்தில் இதை அறிந்தவர் குரல் சற்று உறுதியாக ஒலிக்கும்.

வங்கிகளிடம் நாங்கள் வேண்டுவது மிகையன்று. ஏற்கெனவே உள்ள விதிகளைக் கிளையில் உள்ளோர் அறிந்திருக்க வேண்டும் என்பதே. கையொப்பமிட இயலாத நோயாளி பெருவிரல் ரேகையோ, கால்விரல் ரேகையோ வைக்கலாம்; அதுவும் இயலாவிடில் ஒரு குறி இடலாம்; வங்கி அறிந்த இரு சாட்சிகள் வேண்டும், அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. எழுபது வயது கடந்தோருக்கும், மாற்றுத்திறனாளிகள், உடல் நலிந்தோருக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017-இல் அறிவுறுத்தியதும் அவ்வங்கியே. இருந்தும் சக்கர நாற்காலியில் கிளைக்கு அழைத்துவரச் சொல்லும் கவுன்டர்கள் இன்னும் உண்டு.

கணக்கரின் வலக்கை மூன்று மாதங்களில் பெரும்பாலும் மீண்டது. எழுத்து மட்டும் பழைய வடிவத்துக்கு வரவில்லை. முதல் காசோலை கையொப்ப வேறுபாடு என்று திரும்பியது. கிளைக்குச் சென்றார். இளம் அலுவலர் ஒருவர் பழைய கையொப்பத்தைத் திரையில் பார்த்தார், இவருடைய தலைத் தழும்பைப் பார்த்தார், ஏதும் கேட்காமல் புதிய மாதிரிக் கையொப்பத்துக்கான அட்டையை எடுத்து முன்னே வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ‘மெதுவா போடுங்க சார்’ என்றார்.