வீகன் மாதம்: பெரியவர்களுக்குச் சரி, பிள்ளைகளுக்கு வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முஹர்ரம் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் தொடாமல் இருந்தோம். வெளிநாட்டில் இதற்கு வீகன் என்று பெயர். தேன்கூடக் கிடையாது. பிள்ளைகளை இதில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு வழமையான சாப்பாடுதான். இது கேள்விப்பட்டதிலிருந்து கடைத்தெருவிலும் பள்ளிவாசல் படியிலும் ஆசிரியர் அறையிலும் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு இடமிருக்கிறதா, உடம்பு தாங்கியதா என்று சிலர். நல்ல விஷயமாக இருக்கிறதே, பாடசாலைப் பிள்ளைகளையும் ஒரு மாதம் இப்படிச் செய்ய வைக்கலாமே என்று வேறு சிலர். இந்தக் கடைசி யோசனைக்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தோம்.

முதலில் மார்க்க விஷயம். அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஹலாலான ஒன்றைச் சாப்பிடாமல் இருப்பது குற்றமும் இல்லை. நபி (ஸல்) அவர்களுடைய வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல் பேரீத்தம்பழமும் தண்ணீருமாகக் காலம் போனதை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இறைச்சிக்கு அடிமையாகிவிடக் கூடாது என்று உமர் (ரலி) எச்சரித்தது இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. வீகன் என்ற சொல்லே 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சங்கம் தொடங்கியபோது உண்டானதுதான். அதற்கு ஏறத்தாழ 900 வருடங்களுக்கு முன்பே சிரியாவில் அபுல் அலா அல்மஅர்ரி என்ற பார்வையற்ற அரபுக் கவிஞர் இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எல்லாவற்றையும் விட்டு வாழ்ந்திருக்கிறார். அவருடைய மற்றக் கருத்துகளை ஆலிம்கள் ஏற்பதில்லை, அது வேறு கதை. அரபு உலகத்துக்கு இது புதினம் இல்லை என்பதற்காகச் சொன்னோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் அங்கீகாரம் கொடுத்தது நினைவிருக்கும். "நீங்களே இறைச்சியை விட்டால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடாதா?" என்று எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் கேட்டார். ஆகாது. நாங்கள் எங்கள் வீட்டுச் சட்டியில் எதைப் போடுவது என்று நாங்கள் முடிவெடுப்பதும், அடுத்தவன் சட்டிக்குச் சட்டம் போடுவதும் ஒன்றில்லை. இறைச்சிக் கடை வைத்துப் பிழைக்கும் சகோதரர்களுக்கு எதிராக இதை யாரும் எடுத்துப் பேசினால் அதில் எங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

இனிச் சாப்பாடு. சோற்றுக்குக் கஷ்டமே இல்லை. மலைநாட்டில் போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்குக்குப் பஞ்சமா? பருப்பு ஆணம், சோயா மீட், பொலஸ் கறி, வல்லாரைச் சம்பல், பொன்னாங்கண்ணி வறை என்று நாள் நன்றாகவே ஓடியது. தேங்காய்தான் கையைக் கடித்தது. போன வருடங்களில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பாலையும் முட்டையையும் விட்டுவிட்டால் தேங்காய்ப்பால் இல்லாமல் சமையல் நகராது.

எங்களைத் தேட வைத்தது மாசி. கட்டச்சம்பலில் மாசி, கீரை வறையில் மாசி, கத்தரிக்காய் மோஜுவில்கூட நெத்தலி. நம்முடைய மரக்கறிச் சாப்பாடு என்பதே அரைவாசி மீன் வாசம்தான். பேக்கரிப் பக்கம் போனால் மாலு பாண், முட்டை ரொட்டி, பட்டர் கேக். பயணத்தில் பசித்தால் ஹட்டனில் சைவக் கடைதான் கதி. சோறு, சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் கேட்கக் கேட்க வைப்பார்கள், நெய்யையும் மோரையும் மட்டும் வேண்டாம் என்றால் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால் நம் வீடுகளில் இறைச்சி ஆணம். அதே வெள்ளிக்கிழமை எங்களோடு படிப்பிக்கும் இந்துச் சகோதரர்கள் வீட்டில் சைவம். இத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் தள்ளித் தள்ளி வைத்துத்தான் திறப்போம். அந்த மாதம் ஒரே பெட்டியில் கை போட்டோம்.

விருந்துகளில்தான் உண்மையான சிக்கல். ஒரு வலீமாவில் சஹனில் உட்கார்ந்து இறைச்சியை ஒதுக்கினால் நம்மோடு உட்கார்ந்தவர்களுக்கு யோகம், அழைத்தவருக்கு மனவருத்தம். "என்ன, எங்கட வீட்டுக் கறி பிடிக்கல்லையா?" என்று கேட்கும்போது வீகன் விளக்கமெல்லாம் எடுபடாது. டொக்டர் சொன்னார் என்று சொல்லித் தப்புகிறவர்கள் உண்டு. நாங்கள் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனோம்.

உடம்புக்கு என்ன நடந்தது என்றால், பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. வயிறு இலேசாக இருந்தது. ஒரு மாதத்தில் வளர்ந்த ஆளுக்குக் குறை எதுவும் வந்துவிடாது. பி12 விற்றமின் மிருக உணவில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது, ஆனால் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவரின் ஈரலில் அது வருடக்கணக்குக்குச் சேர்ந்திருக்கும். மாதம் வருடமானால் மாத்திரை தேவைப்படும். நம் சமூகத்தில் நாற்பது வயதுக்குள் சீனியும் கொலஸ்ட்ரோலும் வருகிற வேகத்தைப் பார்த்தால், கல்யாணம், கந்தூரி என்று வாரத்துக்கு ஐந்து நாள் இறைச்சி தின்கிற வீடுகள் இப்படி ஒரு மாதம் இருந்து பார்ப்பது நல்லதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறோம்.

வகுப்பில் ஒரு நாள் உணவு வகைகள் பற்றிய பாடம். பேச்சோடு பேச்சாக, இந்த மாதம் நாங்கள் இறைச்சி, மீன், முட்டை, பால் இல்லாமல் சாப்பிடுகிறோம் என்று சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் கேட்டது: "டீச்சர், எங்க வூட்லயும் சம்பளத்துக்கு முன்னுக்கு அப்படித்தானே?" தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. அதற்கு முந்திய நாட்களில் லயத்து வீடுகளில் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், இரவில் சோறும் ஒரு கீரையும், இடையில் சாயத்தண்ணி. நாங்கள் பெரிய காரியமாக ஒரு மாதம் செய்ததை அந்தப் பிள்ளை பெயர் வைக்காமல் மாதாமாதம் செய்துகொண்டிருக்கிறது.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டும் இல்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் செய்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர் அளவில். மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை உயரப்படி நிற்க வைக்கும் எந்த ஆசிரியருக்கும் இந்தக் கணக்குக் கண்ணால் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்தில் நிற்கும். உயரம் குறைவது முதல் இரண்டு, மூன்று வயதுக்குள், அதற்கும் முன்பு தாயின் வயிற்றுக்குள். பாடசாலைக்கு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

அந்த அளவீட்டுக்குப் பிறகுதான் 2022 வந்தது. மார்ச்சில் 400 கிராம் பால்மா 790 ரூபா. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9 வீதம் ஏறியிருந்தது. தோட்டத்தில் நாட்சம்பளமோ அப்போது 1,000 ரூபா. அந்த 1,000 ரூபாவுக்கே எத்தனை வருடப் போராட்டம் என்பது நம் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024இல் அது 1,350 ஆனபோது பால்மாவும் முட்டையும் அதைவிட வேகமாக ஏறி முன்னால் போயிருந்தன. பெரட்டுக்களத்தில் பேர் விழாத நாளுக்கு அதுவும் இல்லை.

மூத்தவர்களிடம் கேட்டால் 1973, 74 பஞ்சத்தைச் சொல்வார்கள். மாவும் அரிசியும் கிடைக்காமல் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். காட்டுக் கீரையும் கிழங்கும் அவித்துத் தின்று, தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்த காலம். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளிடம் போய் இலை தழை சாப்பிட்டால் பூமிக்கு நல்லது என்று பாடம் நடத்த எங்களுக்கு நா எழாது. கால்நடை வளர்ப்பால் பூமி சூடாவது உண்மை. உலகம் வெளியிடும் வெப்பவாயுக்களில் 14.5 வீதம் அதனால் என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2013இல் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் மஸ்கெலியா லயத்துப் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

லயத்துக்குப் பின்னால் ஒற்றை மாடு வளர்க்கும் குடும்பங்களையும் பாருங்கள். விடியற்காலையில் புல் அறுத்து, பால் கறந்து, கேனோடு பால் சேகரிக்கும் இடத்துக்கு ஓடுவார்கள். அந்தப் பணத்தில்தான் கொப்பியும் சப்பாத்தும் பஸ் காசும். சாணம் வீட்டு மரக்கறிப் பாத்திக்குப் போகும். மாடு அவர்களுக்கு வங்கிக் கணக்கு மாதிரி. ஆனால் அதே வீட்டுப் பிள்ளை சாயத்தண்ணி குடித்துவிட்டுப் பாடசாலைக்கு வரும். பாலை விடச் சொல்லி அந்த வீட்டுக்குப் புத்தி சொல்வதா, ஒரு கோப்பைப் பாலை உங்கள் பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோங்கள் என்று சொல்வதா? நாங்கள் பெற்றோர் கூட்டத்தில் இரண்டாவதைத்தான் சொல்லி வருகிறோம். சிலர் கேட்கிறார்கள். சிலர், லீற்றருக்கு இவ்வளவு குறைந்தால் கடைக் கடனை யார் கட்டுவது என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ஆகவே பாடசாலையில் வீகன் மாதம், வீகன் வாரம் எதுவும் வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார், பாலூட்டும் தாய்மார், கிளினிக்கில் நிறை குறைவு என்று குறித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் யாரும் இதை முயற்சிக்கவும் வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தர் கொடுக்கும் திரிபோஷவை வீட்டில் எல்லோருக்குமாகப் பிரிக்காமல் அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்த்துச் செய்தது அது, பெரியவர்களின் பசிக்கு இல்லை. பாடசாலை மதிய உணவில் முட்டை வரவேண்டிய நாளில் முட்டை வருகிறதா என்று பெற்றோர் கேட்க வேண்டும். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்கிறோம்.

இந்த ஒரு மாதத்தில் நாங்கள் கற்றதில் லயத்து வீட்டுக்கும் செலவில்லாமல் உதவக்கூடியது இரண்டே இரண்டு. ரொட்டியோடும் சோற்றோடும் தேத்தண்ணி குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் சாயம் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலை நாட்டில் பெண்களுக்குக் குருதிச்சோகை இவ்வளவு இருக்க இந்தப் பழக்கமும் ஒரு காரணம். மற்றது, வல்லாரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய் பிழியுங்கள், புளிப்பு சேர்ந்தால் அதே இரும்பு கூடுதலாக ஏறும். வெறும் ரொட்டிக்குச் சம்பலோடு ஒரு அகப்பை பருப்பும் வைத்தால், மாவில் குறைகிற புரதத்தைப் பருப்பு நிரப்பும் என்று ஆசிரியர் கலாசாலையில் படித்தோம். ஆனால் பருப்பு செலவில்லாத விஷயம் இல்லை. மைசூர்ப் பருப்பு என்று பெயர்தான், வருவது கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும். டொலர் ஏறினால் அதுவும் ஏறும்.

எங்கள் ஜமாஅத்தில் வசதியுள்ள சில குடும்பங்கள் அடுத்த மாதம் இப்படி இருந்து பார்க்க விரும்புவதாகச் சொன்னார்கள். தாராளமாகச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் இறைச்சிக்கும் மீனுக்கும் போகும் காசில், தேங்காய்க்கும் சோயாவுக்கும் கூடியது போக, மாத முடிவில் மிச்சம் இருந்தது. அதை நாங்கள் ஒரு ஆரம்ப வகுப்பின் இடைவேளைக்கு அவித்த முட்டை வாங்கக் கொடுத்தோம். விரத நாளில் முட்டை தொடாத பிள்ளைகளுக்கு அன்று அவித்த கௌபி. நீங்களும் அப்படிச் செய்தால் எத்தனை வகுப்புக்கு எத்தனை நாள் வரும் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம். தர்மத்தால் தீருகிற பிரச்சினை இது இல்லை, நாட்சம்பளத்தில்தான் தீர வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும். அதுவரைக்கும் பிள்ளை வளராமல் காத்திருக்காதே.

ஸபர் பிறந்த அன்றே எங்கள் வீட்டுச் சம்பலுக்கு மாசி திரும்பி வந்துவிட்டது. இறைச்சி வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. வாப்பா மட்டும் பிளேன்டீயோடு நின்றுவிட்டார், பால் வேண்டாமாம்.

கௌபி, முட்டைக் கணக்கில் சேர விரும்புகிறவர்கள் வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு சந்திக்கலாம். மற்ற மதச் சகோதரர்களும் வாருங்கள், இது பள்ளிவாசல் விஷயம் இல்லை, நம்முடைய பாடசாலை விஷயம்.