ஸ்கேன் குறுந்தகட்டை வீட்டில் விட்டு வராதீர்கள்

“சி.டி. ஸ்கேனிலேயே அடைப்பு தெரிந்துவிட்டதே, டாக்டர். மறுபடியும் ஆஞ்சியோகிராம் எதற்கு?”

எங்கள் புறநோயாளர் பிரிவில் வாரந்தோறும் எழும் கேள்வி இது. நெடுநாள் முழு அடைப்பு கொண்ட தம் தந்தையை ஸ்ரீரங்கத்திலிருந்து அழைத்து வந்த ஒரு மகளும் அண்மையில் இதையே கேட்டார். கேள்வி நியாயமானது. செலவையும் சாயமருந்தையும் கதிர்வீச்சையும் இரண்டாம் முறை ஏற்கச் சொல்லும்போது, காரணம் கேட்பது குடும்பத்தாரின் உரிமை. “ஸ்கேன் குறுந்தகடு எங்கே அம்மா?” என்று நான் கேட்டேன். “ரிப்போர்ட் மட்டும் எடுத்து வந்தோம், தகடு வீட்டில் இருக்கிறது” என்றார். அவர் கேள்விக்கான விடையின் பாதி அந்தத் தகட்டில்தான் இருந்தது.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதை நம் பகுதியினர் அறிவர். இதயத்தின் இடப்பக்க முதன்மைத் தமனியும் அவ்வாறே கிளைகளாகப் பிரிகிறது. ஆஞ்சியோகிராம் காட்டுவது ஓடும் நீரை மட்டுமே. அயோடின் கலந்த சாயமருந்து பாயும் இடம் எக்ஸ்-ரே திரையில் கருமையாகத் தெரியும். குழாய் முற்றிலும் அடைபட்டிருந்தால், அதற்கு அப்பால் கோடைக்காலக் கொள்ளிடத்தைப் போல வறண்டிருக்கும். ஆறு எங்கே வளைகிறது என்பதை நீரைக் கொண்டு அறிய இயலாது. சி.டி. ஸ்கேனோ கரையையும் படுகையையும் சேர்த்துக் காட்டுகிறது. அடைப்பின் நீளம், வளைவு, அதில் படிந்துள்ள சுண்ணாம்பு ஆகியவை அதில் தெரிகின்றன.

1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக மனித இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். இந்தியாவில் 1986-இல் மருத்துவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் அச்சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். அவர்களுக்குக் கிடைத்தவை தட்டையான நிழற்படங்களே. இன்று, ஸ்கேனில் கிடைக்கும் முப்பரிமாணப் படத்தை, சிகிச்சையின்போது ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்-ரே படத்தின்மேல் பொருத்திக் காட்டும் மென்பொருள்கள் வந்துள்ளன. இரு படங்களிலும் தெரியும் முதுகெலும்பு, சுண்ணாம்புப் படிவு, பழைய ஸ்டென்ட் போன்றவற்றை அடையாளமாகக் கொண்டு அவை ஒன்றிணைக்கப்படுகின்றன. எக்ஸ்-ரே கருவியின் வளைந்த கை திரும்பும்போது ஸ்கேன் படமும் உடன் திரும்புகிறது.

எனினும், இதை மாயக்கண்ணாடி என்று எவரேனும் விளம்பரப்படுத்தினால் நம்ப வேண்டாம். ஸ்கேன் எடுக்கும்போது நீங்கள் மூச்சை அடக்கியிருந்தீர்கள். இதயத் துடிப்பின் ஒரு கணமே அங்கு உறைந்து நிற்கிறது. சிகிச்சை மேசையிலோ மூச்சு ஏறி இறங்குகிறது, இதயம் துடிக்கிறது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் அரை மில்லிமீட்டரைவிட மெல்லிய கம்பியைச் செலுத்துகிறோம். பொருத்தம் சற்றே பிசகினாலும் வரைபடம் ஓரிடத்திலும் குழாய் வேறிடத்திலும் இருக்கும். ஆகவே கம்பி செல்லும் வழியை நேரடி எக்ஸ்-ரேயில் பார்த்தே தீர வேண்டும். மகளின் கேள்விக்கு விடையின் மறுபாதி இது.

என் கருத்து இதுதான்: நோயாளிக்குப் பெரும்பயன் தருவது கருவியின் விலை அன்று, மருத்துவர் ஸ்கேனை முன்கூட்டியே பொறுமையாகப் படிப்பதே. நெடுநாள் முழு அடைப்பு கொண்ட 400 பேரிடம் தென் கொரியாவில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. ஸ்கேனைப் படித்துத் திட்டமிட்ட பிரிவில் 93.5 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை வெற்றி பெற்றது. ஆஞ்சியோகிராமை மட்டும் கொண்டு செய்த பிரிவில் 84 விழுக்காட்டினருக்கு. படங்களைத் திரையில் ஒன்றிணைக்கும் வசதி இல்லாத இடத்திலும், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதற்குத் தேவை உங்கள் குறுந்தகடு. இரண்டு பக்க ரிப்போர்ட்டைக் கொண்டு வளைவுகளை அளக்க முடியாது.

இதனால் அனைவருக்கும் ஸ்கேன் வேண்டும் என்று கருதிவிடக் கூடாது. மாரடைப்பு நேர்ந்தவருக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அவரை நேரே கேத் லேபுக்குக் கொண்டு செல்ல வேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சாயமருந்தின் அளவைக் கணக்கிட்டே முடிவெடுக்கிறோம். எளிய அடைப்புகளுக்கு ஆஞ்சியோகிராமே போதும். திட்டமிட்டுச் செய்யும் கடினமான சிகிச்சைகளில்தான் ஸ்கேன் தன் முழுப்பயனைத் தருகிறது.

சிகிச்சைக்கு வரும் குடும்பத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். எந்த ஊரில் ஸ்கேன் எடுத்தாலும் குறுந்தகட்டையும் கேட்டுப் பெற்று, ரிப்போர்ட்டுடன் சேர்த்து வையுங்கள். முன்பு ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் அட்டையையும், அண்மையில் எடுத்த கிரியாட்டினின் அளவையும் கொண்டு வாருங்கள். “என் ஸ்கேனைப் பார்த்துவிட்டீர்களா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். அக்கேள்வியால் நாங்கள் மனம் வருந்த மாட்டோம்.

அந்த மகள் மறுநாளே குறுந்தகட்டைக் கொண்டு வந்தார். அவரையும் அருகில் அமர்த்தி, கணினித் திரையில் தந்தையின் இரத்தக் குழாயைக் காட்டினேன். அடைப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எந்தக் கோணத்தில் எக்ஸ்-ரே எடுத்தால் அது தெளிவாகத் தெரியும் என்பவற்றை விளக்கினேன். ஆஞ்சியோகிராம் எதற்கு என்று அதன்பின் அவர் கேட்கவில்லை. “எவ்வளவு நேரம் ஆகும், டாக்டர்?” என்று மட்டும் கேட்டார்.